டைரக்டர் படிப்பும் பிரிக்காத பொட்டலமும்

எங்கள் வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். கத்தரிக்காய் வாங்கினால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் எதற்குக் கேட்கிறார் என்று யோசிப்பேன். அதனால்தான் அண்ணன் ஒரு நாள் மத்தியானம் என் மேஜைக்கு வந்து நின்று அந்தப் பேச்சை எடுத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஆத்தா, டைரக்டருக்குன்னு ஒரு படிப்பு இருக்காம்ல. ஆன்லைன்ல. நீ படிக்கிறியா? பீஸெல்லாம் கம்பெனி கட்டிரும்."

அண்ணனுக்கு என்னைவிட ஒன்பது வயது அதிகம். தங்கையைச் செல்லமாக ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் தானாக வந்து எதையும் கொடுக்கிற ஆள் இல்லை. ஆபீஸுக்கு ஒரு மேஜை விசிறி வாங்கச் சொன்னால்கூட இரண்டு கோடைகாலம் யோசிப்பவர், என்னைப் படிக்கவைக்கிறேன் என்கிறார். "பாக்குறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினேன்.

எங்கள் கம்பெனி விராலிமலைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. பெரிய பாய்லர்களைத் தாங்குகிற இரும்புச் சட்டங்களைச் செய்து கொடுக்கிறோம். அப்பா ஒற்றை வெல்டிங் மெஷினோடு ஆரம்பித்த பட்டறை, பிறகு பிரைவேட் லிமிடெட் ஆனது. அப்பா இறந்த பிறகு போர்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் மேனேஜிங் டைரக்டர். அம்மாவும் நானும் வெறும் டைரக்டர்கள். இதில் நானாவது தினமும் ஷெட்டுக்குப் போய் இரும்பு வாங்குவதிலிருந்து, முடிந்த சரக்கைச் சோதித்து லாரி ஏற்றுவதுவரை பார்க்கிறேன். அம்மா வீட்டில் இருந்தபடி டைரக்டர்.

அண்ணனுக்குச் சர்க்கரை. இடது காலில் ஒரு புண் ஆறாமல் ஒரு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. இரும்புத் தூள் பறக்கிற இடத்துக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனுடைய மகன் கனடாவில் வேலையாகி, அங்கேயே வீடும் வாங்கிவிட்டான். ஆகவே அடுத்து கம்பெனியை யார் நடத்துவது என்கிற கேள்வி எல்லோர் மனதிலும் இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். இதை இப்போது சுற்றிவளைக்காமல் எழுதுகிறேன், அன்றைக்கு என் கணவரிடம்கூட நேராகச் சொன்னதில்லை. அவர் மஸ்கட்டில் இருக்கிறார். டைரக்டர் படிப்பு என்றதும், "எந்தப் படத்துக்கு?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

அண்ணனின் திடீர்ப் பாசத்துக்குக் காரணம் ஒரு வாரத்தில் தெரிந்தது. அவர் போனில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசுகிறவர், ஒட்டுக்கேட்க நான் கதவோரம் நிற்க வேண்டியதில்லை. எங்களிடம் அதிகமாகச் சரக்கு எடுக்கிற கம்பெனி, சப்ளையர்களின் போர்டில் முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும் என்று புதிதாக விதி போட்டிருக்கிறது. "ஆமா சார், எங்க டைரக்டர் ஒருத்தவங்க படிக்கப்போறாங்க சார்" என்று அண்ணன் குழைந்துகொண்டிருந்தார். அதுதானே பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன். இவர்களுக்கு வேண்டியது சுவரில் மாட்ட ஒரு சர்டிபிகேட், அதில் எழுத ஒரு பெயர். ஆள் வேண்டாம்.

அதனாலேயே சேர்ந்தேன். பெயரைக் கொடுத்துப் பார்ப்போம், ஆள் பின்னாலேயே போவோம் என்று ஒரு வீம்பு.

சனி, ஞாயிறுகளில் வகுப்பு. லேப்டாப்பில் சின்னச் சின்னக் கட்டங்களில் கோயம்புத்தூர், சென்னை, ஓசூர் முகங்கள். பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்குப் பின்னால் புத்தக அலமாரி தெரியும், எனக்குப் பின்னால் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி தெரியும். முதல் இரண்டு வாரம் அவர்கள் பேசிய இங்கிலீஷில் பாதி எனக்குப் பிடிபடவில்லை, மீதிப் பாதியில் விஷயம் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது. பாடம் எடுத்த அம்மாள் ஒருவர்தான் தெளிவாகப் பேசினார். டைரக்டருடைய வேலை தலையாட்டுவது அல்ல, கேள்வி கேட்பது என்றார். ஒரு முடிவால் தனக்கோ தன் சொந்தக்காரருக்கோ ஆதாயம் இருந்தால், அதை முதலிலேயே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்றார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்க வேண்டும் என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை காலமும் வீட்டில் திட்டு வாங்கித் தந்த என் குணத்துக்கு இங்கே மதிப்பெண் கொடுக்கிறார்கள்.

பரீட்சையும் வீட்டிலிருந்தே. லேப்டாப்பின் காமிரா நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும், கண்ணை வேறு பக்கம் திருப்பினால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரும். நடுவில் சுவரில் பல்லி சொன்னது. எந்தத் திசை என்று என்னை அறியாமல் திரும்பிவிட்டேன். எச்சரிக்கை வந்தது. என்னைவிடச் சந்தேகக்காரக் கம்ப்யூட்டராக இருக்கிறதே என்று கோபம் வந்தாலும், மனதுக்குள் அதை மெச்சிக்கொண்டேன். பாஸாகிவிட்டேன்.

படிக்கும்போதே எங்கள் கம்பெனியின் பழைய தீர்மானங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஆடிட்டர் ஆபீஸில் எழுதி அனுப்பியவை. ஒவ்வொன்றிலும் "விரிவாக விவாதித்த பின் ஒருமனதாக" என்று இருந்தது. நாங்கள் எந்தக் காலத்தில் விவாதித்தோம்? எங்கள் வீட்டில் பெரிய முடிவு எதுவானாலும் பூக்கட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். குளத்தூர்ப் பக்கம் எங்கள் குலசாமி கோயில். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் மடித்து நூல் சுற்றிச் சாமி காலடியில் போடுவார்கள். சூடம் காட்டிவிட்டுப் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் சாமியை நம்பவில்லை என்று அர்த்தம். அதை அப்படியே ஊருணியில் போட்டுவிட்டு வருவோம். மெஷின் வாங்கியது, நிலம் வாங்கியது, கிளை திறக்காமல் விட்டது எல்லாமே இப்படித்தான். இதைத்தான் ஆடிட்டர் ஆபீஸ் விரிவான விவாதம் என்று எழுதியிருந்தது.

சர்டிபிகேட் வந்த அன்றைக்கே அண்ணன் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட ஆள் அனுப்பிவிட்டார். நான் அதைக் கொடுக்கவில்லை.

"சர்டிபிகேட்ட மட்டும் மாட்ட முடியாதுண்ணே. நானும் சேர்ந்துதான் வருவேன். ஒங்க நாற்காலிய எனக்குக் குடுங்க. நீங்க சேர்மனா இருங்க, கால ஆத்துங்க."

சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அண்ணன் கொஞ்ச நேரம் காலில் சுற்றியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரித்தா. நீயே பாத்துக்க. எனக்கும் முடியல" என்றார். இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பார் என்று நான் நினைக்கவில்லை. சந்தோஷப்படுவதற்குப் பதில் எங்கோ இடித்தது. அடுத்த வாக்கியத்தில் தெரிந்துவிட்டது.

"எதுக்கும் ஒரு தடவ பூக்கட்டிப் பாத்துருவோம்."

வாயால் சரி என்றுவிட்டுச் சாமி வாயால் கூடாது என்று சொல்லவைக்கப் போகிறார் என்று என் மனது கணக்குப் போட்டது. பூசாரியின் மகன் எங்கள் ஷெட்டில்தான் வெல்டர். அண்ணன் வைத்த ஆள். பொட்டலத்தை எடுப்பது பூசாரி. படிப்பில் சொன்ன ஆதாய முரண் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. மாட்டேன் என்றால் சாமியை மதிக்காதவள் என்று பேராகும். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் காரில் போனோம். அண்ணன், அண்ணி, அம்மா, நான். அம்மா மடியில் பூக்கூடை. கோயில் வாசலில் இறங்கியதும் அண்ணன் பூசாரியைத் தனியாக அழைத்துக்கொண்டு அங்கிட்டுப் போய் நின்று ஏதோ பேசினார். பூசாரி தலையை ஆட்டினார். அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைக்கும்போதும் என் கண் அவர்கள் மீதே இருந்தது. பூசாரி பொட்டலங்களைக் கையில் வாங்கியதும் அருகே போய்ப் பார்த்தேன். நூலில் முடிச்சு வித்தியாசம் உண்டா, இலையில் நகக்கீறல் உண்டா? ஒன்றும் தெரியவில்லை. இரண்டும் ஒரே அச்சு.

"என்னாத்தா அப்புடிப் பாக்குறீக?" என்றார் பூசாரி.

"சும்மா பாக்குறேங்கய்யா."

சூடம் எரிந்தது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு குனிந்து ஒன்றை எடுத்தார். நூலைப் பிரித்தார். சிவப்பு.

அண்ணி உச்சுக்கொட்டினார். அண்ணன், "என்னத்தா செய்யிறது, சாமி உத்தரவு அப்படி" என்றார். அவர் குரலில் வருத்தம் மாதிரி ஒன்று இருந்தது. அந்த வருத்தத்தையும் நான் நம்பவில்லை. பூசாரி மற்றப் பொட்டலத்தை ஊருணிக்கு எடுத்துப் போகக் கை நீட்டினார்.

"அதையும் பிரிங்க" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அண்ணி என் கையைப் பிடித்தார். "ஏ ஆத்தா, ஒனக்கென்ன கிறுக்கா? கும்புடுற எடம்" என்று அண்ணன் கத்தினார். பூசாரி இரண்டடி பின்னால் போய், "நான் தொடமாட்டேன் தாயி, எனக்குப் பிள்ள குட்டி இருக்கு" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து கும்பிட்ட சாமி. இருந்தாலும் குனிந்து எடுத்து, நூலைப் பல்லால் கடித்துப் பிரித்தேன்.

அதிலும் சிவப்பு அரளி.

நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஷெட்டில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அண்ணன் முகம் அப்படி இல்லை. வெளுத்துப்போய் நின்றார். பூசாரி பக்கம் திரும்பி, "என்னய்யா இது?" என்றார்.

"நான் எடுக்கத்தானய்யா செஞ்சேன்? நீங்க எம் மகன் லீவு விசயமாப் பேசிட்டு இந்தா வாரீக. கட்டியாந்தது யாரு, அதப் பாருங்க" என்றார் பூசாரி.

கட்டியது அம்மா. எப்போதும் அம்மாதான் கட்டுவார். விடியற்காலையில் தலைக்குக் குளித்து ஈரப்புடவையோடு, யாரும் பார்க்காமல் கட்ட வேண்டும் என்பது முறை. அந்த முறையைச் சொன்னதும் அம்மாதான். ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டேன், அண்ணனை, ஆடிட்டரை, பூசாரியை, பல்லியைக்கூட. அம்மாவை ஒரு நாளும் நினைக்கவில்லை.

நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆமா, நாந்தான் கட்டுனேன். அதுக்கென்ன இப்ப?"

"ரெண்டும் செவப்பாவா?" என்றார் அண்ணன்.

"ரெண்டும் செவப்புத்தான். ஒங்கப்பா ஷெட்டுக்குப் போறத நிறுத்துனாரு. வீட்ல ஒக்காந்தாரு. அடுத்த ஆடிக்கு இல்ல. நீயும் ஒக்காந்தியன்னா எந்திரிக்கமாட்ட. நொண்டிக்கிட்டாவது போயி வந்துக்கிட்டு இரு. இவ மேல எனக்கென்ன கோவம்?"

அண்ணன் மண்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப அந்தப் புது மெஷினு?"

"வெள்ள."

"ரெண்டுமா?"

"வாங்கலைன்னா தொழில் போயிருக்கும்ல?"

"ஓசூருல பிராஞ்சு போடலாம்னு கேட்டேனே?"

"செவப்பு. இங்ஙன இருக்கிறதயே ஒனக்குப் பாக்க முடியல, ஓசூருல போயி என்னத்தப் பாப்ப?"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கம்பெனியை அப்பாவும் நடத்தவில்லை, அண்ணனும் நடத்தவில்லை. வாழையிலையும் நூலுமாக உட்கார்ந்து அம்மா நடத்தியிருக்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது வேறு ஒன்று. பி.காம். முடித்ததும் சென்னையில் ஒரு ஆடிட்டரிடம் சேர்ந்து மேற்கொண்டு படிக்க எனக்கு இடம் கிடைத்தது. பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். இதே இடத்தில் பூக்கட்டிப் பார்த்தார்கள். சிவப்பு வந்தது. அடுத்த தையில் கல்யாணம். சாமியே சொல்லிவிட்டது என்று அன்றைக்கு அழாமல் இருந்தேன்.

அம்மா பக்கத்தில் போய் நின்றேன். "நான் மெட்ராஸ் போறேன்னு சொன்னப்ப?"

அம்மா என்னை நேராகப் பார்த்தார். "அன்னைக்கு ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்பு. அது நெசமான பூ. ஒன் விசயத்துல மட்டும் எனக்கே எது நல்லதுன்னு தெரியல. அதான் சாமிகிட்ட விட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இதை நம்புவதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. மற்றப் பொட்டலம் ஊருணித் தண்ணீருக்குப் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அம்மா அப்படிச் சொன்னதும் கோயிலென்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன். கோபத்தில் வந்த அழுகைதான், துக்கம் கொஞ்சம்தான்.

மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் போர்டு கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்தேன். பொருள்: மேனேஜிங் டைரக்டர் நியமனம். முறைப்படி அண்ணனுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அம்மாவிடம் நானே நேரில் கொடுத்தேன். வாங்கி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அந்த நாட்களில் நாங்கள் பேசிக்கொண்டது சாப்பாடு, மாத்திரை பற்றி மட்டும்தான்.

கூட்டம் ஆபீஸ் அறையில் நடந்தது. தகரக் கூரையில் மயில்கள் நடக்கிற சத்தம் பேச்சை அடிக்கடி நிறுத்தியது. அம்மா வெள்ளைப் புடவையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தார். இந்த முடிவில் ஆதாயம் எனக்குத்தான், அதனால் நான் வாக்களிக்கவில்லை என்று முதலில் சொன்னேன். மீதி இரண்டு பேர்.

"எனக்குச் சம்மதம்" என்றார் அண்ணன்.

"அம்மா?"

அம்மா அண்ணனுடைய காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எனக்குச் சம்மதம் இல்ல" என்றார்.

என் வாழ்க்கையில் அம்மா எனக்கு நேராக மறுப்புச் சொன்னது அதுதான் முதல் தடவை. சாமி சொன்னது, அப்பா சொன்னது, ஊர் சொன்னது என்று கேட்டுத்தான் பழக்கம். வலித்தது. ஆனால் கோயிலில் வந்த கோபம் வரவில்லை.

ஒன்றுக்கு ஒன்று ஆகிவிட்டால் கூட்டத்தின் தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு என்று எங்கள் கம்பெனி விதியில் இருக்கிறது. அதுவரை யாரும் பயன்படுத்தாத விதி. கூட்டத்தின் தலைவர் அண்ணன்தான், அவரிடம் சொன்னேன். அவர் கண் கலங்கி, "அம்மா, நான் ஒண்ணும் செத்துரமாட்டேன். தெனமும் காலையில இங்கிட்டு வந்து ஒரு மணி நேரம் ஒக்காந்துட்டுத்தான் போவேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என் வாக்கு இவளுக்குத்தான்" என்றார்.

நான் தீர்மானத்தை எழுத ஆரம்பித்தேன். ஆடிட்டர் ஆபீஸுக்கு விடவில்லை, நானே எழுதினேன். அம்மா சற்று முன்னால் சாய்ந்தார்.

"நான் வேணாம்னு சொன்னத எழுதுனியா?"

"எழுதுறேம்மா."

"எதுக்கு வேணாம்னு சொன்னேன்கிறதையும் எழுது."

எழுதினேன். மகனின் உடல்நிலை குறித்த அச்சத்தால் ஒரு டைரக்டர் எதிர்த்தார் என்று. எங்கள் கம்பெனியில் ஒருமனதாக என்ற சொல் இல்லாத முதல் தீர்மானம். கையெழுத்துக்காகத் தாளைத் திருப்பி அம்மா முன் வைத்துப் பேனாவை நீட்டினேன். ஆடிட்டர் ஆபீஸ் பென்சிலில் குறி வைத்த இடத்திலெல்லாம் இத்தனை வருடமும் ஒரு வரிகூட வாசிக்காமல் கையெழுத்துப் போட்டவர், பேனாவை வாங்காமல் கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது இல்லை.

"வாசிச்சுக் காட்டு" என்றார். "மெதுவா. ஒன்னைய நம்பியெல்லாம் நான் போடமாட்டேன்."

முதல் வரியிலிருந்து வாசித்தேன்.